ஊர்க் கணக்கும் கணிப்பொறி நகலும்

புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் உள்ள மணமேல்குடியில் ஒருவர் அரை ஏக்கர் நஞ்சை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டா மாற்ற உத்தரவு வட்ட அலுவலகத்தில் பிறந்துவிட்டது. ஆனால் ஊர்க் கணக்கில் அது ஏறவில்லை. பயிர்க்கடனுக்கு அடங்கல் நகல் கேட்டால், அதில் விற்றவரின் பெயரே வரும். புயல் அடித்து நிவாரணப் பட்டியல் எழுதினாலும் அதே கதைதான். இரண்டு ஏடுகளில் எது மெய்?

ஒரே விவரத்தைப் பல இடங்களில் எழுதி வைப்பதன் தொல்லை இது. எழுதாமலும் இருக்க முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் தாக்கிய கரை இது. ஒரே ஒரு ஏடு இருந்து அது நனைந்து போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்! ஆகவே நகல் வேண்டும்; நகல்கள் ஒத்தும் இருக்க வேண்டும்.

சென்னை மாகாணத்தில் 1820 முதல் 1827 வரை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது ரயத்துவாரி முறை. அரசு ஒவ்வொரு உழவரோடும் நேரே கணக்கு வைத்துக்கொண்டது. எனவே ஏடுகள் பெருகின. அவற்றை ஆண்டுக்கொரு முறை ஒப்பிட்டுத் திருத்தும் ஏற்பாடே ஜமாபந்தி. பசலி ஆண்டு ஜூன் 30 அன்று முடியும். அதையொட்டி ஊர்க் கணக்குகள் வட்ட அலுவலகத்துக்கு வரும். மேல் அதிகாரி ஒருவர் வட்டக் கணக்கோடு ஒப்பிட்டுக் கையெழுத்திடுவார்.

இதில் நுட்பமான ஓர் ஏற்பாடு உண்டு. வயலில் என்ன பயிர் என்பதை ஊரில்தான் எழுதுவார்கள். நிலம் யார் பெயரில் என்பதை மாற்றும் உத்தரவு வட்டத்தில்தான் பிறக்கும். ஒவ்வொரு விவரத்துக்கும் எழுதும் கை ஒன்றே, மற்றவை நகல். ஆனால் விற்பனையும் பாகப்பிரிவினையும் ஏடுகளை முந்திக்கொண்டு ஓடின. ஊர்க் கணக்கு கர்ணத்தின் வசம் இருந்தது. அவர் பகுதிநேர ஊழியர். அப்பதவிகளைத் தமிழக அரசு 1980 நவம்பரில் ஒழித்தது. ஏட்டையும் நிலத்தையும் மீண்டும் பொருத்துவதற்கென்றே 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடத்த வேண்டியிருந்தது.

கணிப்பொறி வல்லுநர்களும் இதே முட்டுச்சந்தில்தான் நின்றார்கள். எந்தப் பொறியிலும் எழுதலாம், எழுதியது உடனே எல்லா நகலிலும் ஏற வேண்டும் என்று விதித்தால் என்ன ஆகும்? ஜிம் கிரேயும் மூன்று தோழர்களும் 1996இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்: பொறிகள் 10 மடங்கானால், ஒன்றுக்கொன்று வழிவிடாமல் முட்டி நிற்கும் நிலை 1,000 மடங்காகும். அவர்கள் சொன்ன பரிகாரம் நமக்குப் புதிதல்ல. ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு மூலப்படி. தொலைவில் எழுதியது, மூலப்படியோடு ஒப்பிட்டு ஏற்கப்படும் வரை தற்காலிகம்.

மூலப்படி இருக்கும் பொறியே பழுதானால்? லெஸ்லி லாம்போர்ட் இதற்கு ஒரு கற்பனைக் கதை புனைந்தார். கிரேக்கத்தின் பாக்சோஸ் தீவில் உறுப்பினர்கள் ஆளுக்கொரு ஏடு வைத்திருக்கிறார்கள். சபைக்கு வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். (அவர்களும் பகுதிநேரத்தார்தான்!) பெரும்பான்மையோரின் ஏடுகளில் ஏறியதே சட்டம். ஐந்து ஏடுகளில் மூன்று போதும். ஏனெனில் எந்த மூன்றைப் பிரித்தெடுத்தாலும், முந்தைய மூன்றில் ஒன்றாவது அதில் இருந்தே தீரும். பழைய முடிவு மறைந்து போகாது. 1990இல் இதழுக்கு அனுப்பிய அக்கட்டுரை 1998இல்தான் அச்சேறியது.

இன்று பட்டாவை இணையத்தில் பார்க்கலாம். 2018 முதல் பத்திரப் பதிவுக் கணிப்பொறியும் நில ஆவணக் கணிப்பொறியும் பேசிக்கொள்கின்றன. ஆயினும் ஜமாபந்தி நிற்கவில்லை. கணக்கு ஏடுகளோடு நில அளவைச் சங்கிலியையும் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே பழைய வழக்கம். ஏடுகள் ஒத்திருந்தாலும் அளந்த சங்கிலி நீண்டிருந்தால் என்ன செய்வது? எனவே அதையும் அளந்து பார்ப்பார்கள்.