ஆஸ்துமா: திருச்சி, ஸ்ரீரங்கம்

மூச்சுக்குழாய்களின் நாள்பட்ட அழற்சி நோய். ஈளை, இழுப்பு, வீசிங் என்றும் சொல்வர். குழாயின் உட்சுவர் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகி, சளி அடைப்பதால் மூச்சு திணறுகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவான ஸ்ரீரங்கத்தில் மார்கழி விடியலின் குளிர்காற்று, போகிப் புகை, ஐப்பசி மழையில் ஊறிய சுவரின் பூஞ்சை எல்லாம் இழுப்பைத் தூண்டக்கூடியவை.

பின்னிரவு இருமல், விசில் போன்ற மூச்சொலி, நெஞ்சிறுக்கம் ஆகியவை அறிகுறிகள். சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, வறட்டு இருமல் மட்டுமே வரும். அதைச் சளி என்றெண்ணிக் கஷாயத்தோடு மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள். வேதனையான தாமதம் இது.

மருந்தை மூச்சோடு இழுக்க உதவும் இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் தருவது இங்கே மைக்ரோகிராமில் முடிகிறது. குலுக்கி, மூச்சை வெளிவிட்டு, வாயில் பொருத்தி, அழுத்தும்போதே மெதுவாக இழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். சால்பியூட்டமால் தருவது உடனடி ஆறுதல். அழற்சியைத் தணிப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். உடம்பு தேறியதும் அதைத் தாமாக நிறுத்துவது ஆபத்து.

ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியாமை, விலா இடுக்கு உட்குழிதல், உதடு நீலமாதல் ஆகியவை அவசர நிலை. நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வழியே சால்பியூட்டமால் கொடுத்தபடியே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். திருச்சியின் பெரிய அரசு மருத்துவமனை, புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை.