மாணவர் சிறை (ஜெர்மனி)

ஊருக்குள் தவறு செய்த மாணவர்களை ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் தாமே விசாரித்து அடைத்துவைத்த அறை; ஜெர்மனில் கார்ட்சர். வளாகத்துக்கு வெளியே நடப்பதற்கும் பல்கலைக்கழகம் தண்டிப்பது கண்காணிப்பு ஆசையால் வந்த வழக்கம் என்பர். அதன் தொடக்கம் வேறு: ஊர் நீதிமன்றத்திடமிருந்து மாணவரைக் காத்த சலுகை அது. பேரரசர் பிரெடரிக் பார்பரோசாவின் 'ஹபிட்டா' ஆணை, வழக்கில் சிக்கிய மாணவரை ஆசிரியரோ ஆயரோ விசாரிக்க இடமளித்தது. அதன் ஆண்டு 1155 என்பாரும் 1158 என்பாரும் உளர். பிற்காலப் பல்கலைக்கழகங்கள் இவ்வகை உரிமையைத் தனி நீதிமன்றமாகவே வளர்த்துக்கொண்டன.

இச்சிறைகளைப் பற்றி நன்கு தெரியவருவது 19ஆம் நூற்றாண்டில்தான். 1836இல் பான் நகரில் இரவில் குடித்துக் கூச்சலிட்டதற்காகக் கார்ல் மார்க்ஸ் ஒரு நாள் அடைபட்டார். கோட்டிங்கனில் அடைபட்ட பிஸ்மார்க் தம் பெயரைக் கதவில் செதுக்கினார். ஹைடல்பெர்க் சிறை 1778 முதல் 1914 வரை இயங்கியது. குடிபோதை, காவலரை ஏசுதல், வாட்போர் ஆகியவை வழக்கமான குற்றங்கள். ஊராரின் பன்றிகளை அவிழ்த்துவிட்டதும் உண்டு என்பர். முதல் சில நாள் ரொட்டியும் தண்ணீரும்; பிறகு வெளிச் சாப்பாடு வரும். வகுப்புக்குப் போய்வரலாம். சிறைக்கு வரும் நாளை மாணவரே தள்ளிப்போட முடிந்ததை மார்க் ட்வைன் 1880இல் வெளிவந்த தம் பயண நூலில் எழுதியுள்ளார். சுவரெங்கும் தொப்பியணிந்த நிழலுருவங்கள், பெயர்கள், தேதிகள். ஓர் அறைக்கு 'சான்சுசி' அரண்மனையின் பெயர், கழிப்பறைக்கு 'அரியணை மண்டபம்'.

இது தண்டனையா, தம் பிள்ளைகளைத் தப்பவிடும் ஏற்பாடா என்ற கேள்வி நியாயமானதே. ஊராரின் சிறையோடு ஒப்பிட்டால் இது விடுதி. ஆனால் அந்த மென்மையே மேற்சொன்ன கருத்துக்குச் சான்று: காப்பதற்கென எழுந்த அதிகாரம் கடுமையாகத் தண்டிக்கவில்லை. 1879 அக்டோபரில் புதிய நீதிமன்றச் சட்டம் நடைமுறைக்கு வந்து பல்கலைக்கழக நீதிமன்றங்கள் மறைந்தன. மாணவரும் பொது நீதிமன்றத்துக்கு உட்பட்டனர். சலுகை போனபின்னும் ஒழுங்கு நடவடிக்கை மட்டும் எஞ்சியது. அதற்குப்பின் சிறைவாசம் பெருமைக்குரிய விளையாட்டாகவே ஆனதில் வியப்பில்லை. இன்று காணும் சுவரோவியங்களில் பல அக்காலத்தவை.

வளாகத்துக்கு வெளியே நடப்பதற்குப் பல்கலைக்கழகம் தண்டிக்கலாமா என்ற கேள்வி இன்றும் உண்டு. அரசு நீதிமன்றம் இருக்கையில் பல்கலைக்கழகம் தண்டிப்பது இரட்டைத் தண்டனை என்னும் வாதம் வலுவானது. எனினும் தாக்கியவரும் தாக்கப்பட்டவரும் ஒரே வகுப்பில் அமரவேண்டியிருப்பதற்கு நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் விடையாகாது. பெர்லின் மாநிலம் 2021இல், ஒழுங்கு நடவடிக்கையாக மாணவரைப் பல்கலைக்கழகங்கள் நீக்கும் அதிகாரத்தை ஒழித்தது. 2024 பிப்ரவரியில் யூத மாணவர் ஒருவரைச் சக மாணவர் வளாகத்துக்கு வெளியே தாக்கியபின், அதே ஆண்டு அதைச் சட்டத்தில் மீண்டும் சேர்த்தது. அரசியல் போராட்டக்காரர்கள்மீது இது பாயக்கூடும் என்று மாணவர் அமைப்புகள் எதிர்த்தன.