கடனாளியின் சொத்தும் கடன் கொடுத்தவரின் உரிமையும்



கடன்பட்டவர் தம் சொத்தைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதி வைத்துவிட்டுக் கையை விரிப்பது இக்காலத்தில் தோன்றிய தந்திரமன்று. ஏறத்தாழ 450 ஆண்டுகளுக்கு முன்பே, வெகு தொலைவிலிருந்த இரு நாடுகள் ஒரே காலத்தில் இதற்குத் தடை விதிக்க நேர்ந்தது. அவ்வரலாற்றை இங்கே நினைவுகூர விழைகிறோம்.

உதுமானியப் பேரரசின் நீதிமன்றங்களில் ஹனஃபி மத்ஹபின் சட்டமே நடைமுறையில் இருந்தது. உடல்நலத்தோடு இருப்பவர், கடனாளியாயினும், செய்யும் வக்ஃபு செல்லும் என்பதே அம்மத்ஹபின் பழைய விதி. கடனுக்காக ஒருவரின் சொத்துரிமையைக் காழி முடக்குவதை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஏற்கவில்லை. அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூசுஃப் (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) ஆகியோர், கடன் கொடுத்தோர் வேண்டினால் முடக்கலாம் என்றனர். ஆயினும், முடக்குவதற்கு முன்பே செய்துவிட்ட வக்ஃபை என்ன செய்வது? இவ்விடைவெளியைச் சிலர் பயன்படுத்திக்கொண்டனர். தம் மக்களே பயனடையும்படி வீட்டையும் நிலத்தையும் வக்ஃபு செய்துவிட்டுக் கடனிலிருந்து தப்ப முயன்றனர்.

1545 முதல் 1574 வரை ஷைகுல் இஸ்லாமாக விளங்கிய அபுஸ்ஸுஊத் எஃபந்தி (ரஹ்) அவர்களிடம் இக்கேள்வி வந்தது. கடனிலிருந்து தப்பும் பொருட்டுச் செய்யும் இத்தகைய வக்ஃபு செல்லாது. கடனுக்கு ஈடான அளவுச் சொத்தை வக்ஃபாகப் பதிவு செய்யக் காழிகளுக்கு அனுமதியில்லை என்று அவர்கள் தீர்ப்பளித்தார்கள். பின்வந்த ஹனஃபி சட்ட நூல்களிலும் அத்தீர்ப்பு இடம்பெற்றது.

அதே காலத்தில், 1571-இல், முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சியில் இங்கிலாந்துப் பாராளுமன்றமும் கடன் கொடுத்தோரை ஏமாற்றும் சொத்து மாற்றங்களைச் செல்லாதவையாக்கியது. அச்சட்டத்தின்கீழ் எழுந்த புகழ்பெற்ற வழக்கு ட்வைன் வழக்கு. பியர்ஸ் என்பவர் ட்வைனுக்கு 400 பவுனும் மற்றொருவருக்கு 200 பவுனும் கடன்பட்டிருந்தார். இரண்டாமவர் வழக்குத் தொடுத்திருக்கும்போதே, 300 பவுன் மதிப்புள்ள தம் உடைமைகள் அனைத்தையும் ட்வைனுக்கு இரகசியமாக எழுதிக் கொடுத்தார். ஆனால் உடைமைகளோ பியர்ஸ் கையிலேயே இருந்தன. ஆடுகளுக்குக் கம்பளி கத்தரித்துத் தம் அடையாளத்தையே இட்டார். நேர்மையாக எழுதப்பட்டது என்று பத்திரத்திலேயே கண்டிருந்தது. நீதிமன்றமோ அவ்வாசகத்தையே வஞ்சகத்தின் அடையாளங்களுள் ஒன்றாகக் கொண்டது. உண்மையான கொடுக்கல் வாங்கலுக்கு அத்தகைய சான்று எதற்கு?

நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு இக்கொள்கையையே கூறுகிறது. கடன் கொடுத்தோரை ஏமாற்றவோ தாமதப்படுத்தவோ கருதிச் செய்யும் அசையாச் சொத்து மாற்றத்தை, பாதிக்கப்பட்ட கடன்காரர் ரத்துச் செய்விக்கலாம். விவரமறியாது நல்லெண்ணத்துடன் விலை கொடுத்து வாங்கியவருக்கு மட்டும் பாதுகாப்பு உண்டு.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே: பத்திரத்தின் பெயர் கிரயமாயினும் ஹிபாவாயினும் வக்ஃபாயினும், நிய்யத்தையும் நடத்தையையும் கொண்டே அது எடைபோடப்படும். இறந்தவரின் கடனை அடைத்த பின்பே வாரிசுகளுக்குப் பங்கு என்று திருக்குர்ஆன் (4:11) விதித்திருக்க, உயிரோடிருக்கும்போதே கடனை விட்டுவிட்டுப் பங்கு பிரிப்பது எங்ஙனம் தகும்? ஆகவே, பள்ளிக்கென ஒருவர் சொத்து எழுத முன்வரும்போது, அதன்மீது பிறர் ஹக்கு ஏதும் உண்டா என்று முதலில் விசாரிப்பது நம் கடமையாகும். பிறர் ஹக்கின் மேல் எழும் தர்மம் நமக்கு வேண்டாம்.