நிறம் மாறிய மலர்



வெண்டைச் செடி ஒன்றைப் பற்றிச் சொல்லி இப்பேச்சைத் தொடங்குகிறேன். ஆசிரியப் பயிற்சி முடித்து, திண்டுக்கல்லை அடுத்த சிற்றூர்ப் பள்ளியொன்றில் நான் பணி ஏற்ற புதிது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் தந்தையின் தோட்டத்திலிருந்து ஓர் இலையைக் கொண்டுவந்து காட்டினான். நரம்புகளெல்லாம் பொன்னிறமாக ஓட, இடைப்பட்ட பகுதி பச்சையாக, வலை பின்னினாற்போல் அழகாகவே இருந்தது. அந்த வாரந்தான் மெண்டலின் பட்டாணிச் செடிகளைப் பற்றி வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். படித்த பாடம் கண்ணெதிரே வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில், "இது பிறவி வேறுபாடு, புதுவகையாகவும் இருக்கலாம். பிடுங்காமல் விதைக்கு விட்டுவை" என்று கூறிவிட்டேன்.

ஒரு மாதத்திற்குள் தோட்டத்தில் பாதிக்குமேல் மஞ்சளாயிற்று. காய்கள் வெளிறிச் சிறுத்து, சந்தைக்கு உதவாமற் போயின. நான் கண்டது புதுவகையன்று. வெள்ளை ஈ பரப்பும் வைரசால் வரும் மஞ்சள் நரம்பு நோய். அந்த ஒரு செடியை அன்றே அகற்றியிருந்தால் நோய் வந்தேயிராது என்று உறுதி கூற இயலாது. வெள்ளை ஈ அடுத்த தோட்டத்திலிருந்தும் வரும். ஆயினும், "வாத்தியாரய்யா சொன்னாரென்று விட்டுவைத்தோம்" என்று அவன் தந்தை சினமின்றிச் சொன்ன சொல் இன்னும் என் செவியில் இருக்கிறது.

இதே தவற்றை ஒரு நாடு முழுவதும், ஏறத்தாழ முந்நூறு ஆண்டுக்காலம் செய்து வந்தது என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். அந்த நாடு ஹாலந்து. அந்தச் செடி டியூலிப்.

துருக்கி நாட்டிலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த டியூலிப், வெங்காயம் போன்ற கிழங்கிலிருந்து முளைத்து, ஒற்றைக் காம்பின் தலையில் கிண்ணம் போன்ற பூவைத் தாங்கி நிற்பது. 1593ஆம் ஆண்டில் லெய்டன் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்க வந்த குளூசியஸ் என்னும் அறிஞர் இதனை அங்கே வளர்த்தார். விந்தை ஒன்று அக்காலத்தவர் கண்ணில் பட்டது. சென்ற ஆண்டு முழுச் சிவப்பாகப் பூத்த கிழங்கு, இவ்வாண்டு வெள்ளைத் தரையில் செந்தீ நாக்குகள் எழுந்தாற்போலப் பூக்கும். இதனை 'உடைதல்' என்றனர். அவ்வாறு உடைந்த செடிகள் பின்னர் மெலிந்து நலிவதையும் குளூசியஸ் கவனித்து எழுதினார். பூவின் அழகில் மயங்கியவர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை.

உடைந்த பூக்களுக்கு விலை ஏறிற்று. அவற்றுள் தலையாயது 'செம்பர் அகஸ்டஸ்'. அதன் ஒரு கிழங்கிற்கு 10,000 கில்டர் வரை விலை சொல்லப்பட்டது. 1637ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஹார்லெம் நகரில் கிழங்கு வாங்க ஆளில்லாமல் விலை சரிந்த கதையை நீங்கள் பொருளாதார நூல்களில் படித்திருக்கக்கூடும். அதனால் நாடே பாழாயிற்று என்பது மிகை. அண்மைக்கால வரலாற்றாசிரியர்கள் அவ்வாறு கொள்வதில்லை. எனக்கு வியப்பளிப்பது விலையன்று. அவ்விலை ஏன் ஏறிற்று என்பதே.

டியூலிப் விதையை ஊன்றினால் பூக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அப்போதும் உடைந்த பூவின் விதையிலிருந்து வருவது ஒரே நிறப்பூதான், வரிப்பூ வராது. எனவே தாய்க் கிழங்கின் பக்கத்தில் முளைக்கும் குட்டிக் கிழங்குகளைக்கொண்டே வரிப்பூவைப் பெருக்கவேண்டும். உடைந்த கிழங்கோ ஆண்டுக்கு ஆண்டு சிறுத்து, குட்டிகளையும் குறைவாகவே ஈனும். பூவுக்கு அழகைத் தந்த காரணமே அதனை அரிதாக்கவும் செய்தது. அரிதானதால் விலை உயர்ந்தது. செம்பர் அகஸ்டஸ் இன்று உலகில் இல்லை. ஓவியங்களில் மட்டும் காணலாம்.

அக்காரணம் யாது? தோட்டக்காரர்கள் பலவும் செய்து பார்த்தனர். புறா எச்சத்தை உரமாக இட்டனர்; பழைய சுவரின் காரையைத் தூவினர். சிலர் உடைந்த கிழங்கில் பாதியையும் ஒருநிறக் கிழங்கில் பாதியையும் வெட்டிச் சேர்த்துக் கட்டி நட்டனர். இந்தக் கடைசி முறையில் சில வேளை பலன் கிட்டியது. விடை அவர்கள் கையிலேயே இருந்தது. ஆனால் அதனை நோயென்று பெரும்பாலோர் ஐயுறவில்லை.

இலண்டனுக்கு அருகில் மெர்ட்டனில் இயங்கிய ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் டோரதி கெய்லி என்னும் அம்மையார் பணியாற்றினார். இலங்கையில் 1874இல் பிறந்தவர் இவர். உடைந்த கிழங்கிலிருந்து சிறிது சதையை எடுத்து நலமான கிழங்கினுள் பொருத்தினார். நலமான கிழங்கின் பூவும் உடைந்தது. 1928ஆம் ஆண்டில் இம்முடிவை வெளியிட்டார். ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுவது பிறவிக்குணமாக இருக்க முடியாதன்றோ? அசுவினிப் பூச்சிகளே வயலில் இதனைச் சுமந்து செல்கின்றன என்பதும் அந்நாளைய ஆய்வுகளில் தெளிவாயிற்று. பூவிதழின் மேற்றோலில் செந்நிறப் பொருள் உண்டாவதை வைரஸ் ஆங்காங்கே தடுக்கிறது. தடைபட்ட இடங்களில் அடியிலுள்ள வெள்ளையோ மஞ்சளோ தெரிகிறது. அதுவே தீ நாக்கு.

இதைக் கேட்டு, வினோத நிறம் யாவும் நோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் வீட்டு வாசல்களில் மாலையில் மலரும் அந்திமந்தாரையை அறிவீர்கள். அதில் இலைகள் பச்சையும் வெண்மையும் கலந்த வகையொன்றை ஜெர்மானிய அறிஞர் கோரன்ஸ் ஆராய்ந்து 1909இல் எழுதினார். 1900ஆம் ஆண்டில் மெண்டலின் விதிகளை உலகுக்கு மீண்டும் உணர்த்திய மூவருள் இவர் ஒருவர். ஒரே செடியில் பச்சைக் கிளை, வெள்ளைக் கிளை, கலப்புக் கிளை மூன்றும் இருந்தன. பச்சைக் கிளைப் பூவின் விதை பச்சைச் செடியாயிற்று. வெள்ளைக் கிளைப் பூவின் விதை வெள்ளை நாற்றாய் முளைத்து, பச்சையம் இன்மையால் தன் உணவைத் தானே ஆக்க மாட்டாமல் மடிந்தது. கலப்புக் கிளையின் விதைகள் மூவகையாயின. மகரந்தம் எக்கிளையிலிருந்து வந்தாலும் முடிவு மாறவில்லை. தாய்வழி மட்டுமே வந்த இக்குணம், மெண்டலின் கணக்கிற்குள் அடங்காத பரம்பரை ஒன்று உண்டென்று காட்டிற்று. பச்சையத்தைத் தாங்கும் நுண்கணிகங்கள் தமக்கெனத் தனி மரபுப்பொருள் உடையவை என்பது பின்னர் அறியப்பட்டது.

இன்று கடைகளில் விற்கும் வரி டியூலிப்புகள் பெரும்பாலும் பிறவியிலேயே வரி உடையவை. ஹாலந்து வயல்களில் நோய்ச்செடி தேடுவதற்கென்றே பழகிய ஆட்கள் வரிசை வரிசையாக நடந்து, உடைந்த பூவைக் கண்டால் கிழங்கோடு அகற்றுகிறார்கள்.

என் பழைய மாணவனும் வெண்டை பயிரிடுகிறான். முதல் மஞ்சள் நரம்பைக் கண்டதும் வேரோடு பிடுங்கிப் புதைத்துவிடுகிறான். சென்ற தைத் திங்களில் அவன் வீட்டிற்குச் சென்றிருந்தேன். வாசலில் வெள்ளைத் திட்டு இலைகளோடு ஓர் அந்திமந்தாரை நின்றது. "இது பிறவியா, நோயா? சொல்லுங்கள் ஐயா" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். நான் விடை கூறவில்லை. வெள்ளைக் கிளையின் விதைகளையும் பச்சைக் கிளையின் விதைகளையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.