புறச்செவி நோயும் போர்க்காலம் தந்த பாடமும்



1944ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமைப்பீடம் தில்லியிலிருந்து கண்டிக்குப் பெயர்ந்தது. மவுண்ட்பேட்டன் பிரபு பேராதனைப் பூங்காவில் அமர்ந்து போரை நெறிப்படுத்தினார். அக்காலத்தில் வெப்பமண்டல நாடுகளில் நின்ற போர்வீரர்களை, எதிரியேயன்றிக் காதுநோயும் வருத்திற்று. முதலில் காது அரிக்கும், பின்னர் வீங்கும், நீர் வடியும், வலியால் உறக்கம் கெடும். 'சிங்கப்பூர்க் காது' என்றும் 'ஹாங்காங் காது' என்றும் அதற்கு ஊர்ப்பெயர்கள் வழங்கின. மருத்துவர் அதனைப் புறச்செவி அழற்சி என்பர்.

இந்நோய்க்குக் காரணம் யாது? 1844இல் மேயர் என்னும் ஜெர்மானிய அறிஞர் காதினுள் காளான் வளர்ந்திருந்ததைக் கண்டு எழுதினார். அதன்பின் ஏறத்தாழ நூறாண்டு, ஈரநாட்டில் காது நொந்தால் பழி காளான் மீதே விழுந்தது. ஆனால் போர்க்காலத்தில் பசிபிக் தீவுகளில் நோயாளரின் காதுகளை ஆராய்ந்தோர் வேறொன்றைக் கண்டனர். 1946இல் வெளியான அவர்தம் ஆய்வு, முதன்மைக் காரணம் சூடோமோனாஸ் என்னும் பற்றீரியாவே எனக் காட்டியது. 1882இல் கெசார்டு என்ற பிரெஞ்சு மருந்தாளர், புண்ணின் நீலப்பச்சைச் சீழிலிருந்து பிரித்தறிந்த கிருமி அதுவே. காளானால் வரும் நோயும் உண்டு; அது சிறுபான்மையே.

கிருமிக்கு வாயில் திறப்பது எது? காதுக் குறும்பியை நாம் அழுக்கென்று இகழ்கிறோம். அதுவோ சிறிது புளிப்புத்தன்மை கொண்டு, நீரையும் கிருமியையும் தடுக்கும் காவலன். நீர் தேங்கினால் அக்காவல் கரைகிறது. தோல் ஊறி மென்மையாகிறது. அந்நிலையில் கோழியிறகோ கொண்டையூசியோ கீறிய சிறு கீறலே கிருமிக்குப் போதும்.

எங்கள் தெல்தோட்டை மலைச்சாரலில் பீலியிலும் ஓடையிலும் குளிக்கும் பிள்ளைகளுக்கு இச்செய்தி மிகவும் வேண்டியது. குளித்தபின் தலையைச் சாய்த்து நீரை வடியவிட்டு, காதின் வெளிப்புறத்தைத் துணியால் ஒற்றுதல் நன்று. செவிமடலை இழுத்தால் வலி மிகுமாயின் நோய் பெரும்பாலும் புறச்செவியில் உள்ளதென அறியலாம். அப்போது காய்ச்சிய எண்ணெய் ஊற்றாது மருத்துவரை நாடவேண்டும். ஏற்ற சொட்டுமருந்தால் பெரும்பாலும் சில நாள்களில் குணமாகும்.

நீரிழிவு உள்ள முதியோர் ஒருநாளும் தாமதிக்கலாகாது. அவர்களிடத்து இதே கிருமி எலும்புவரை ஊடுருவி உயிருக்கே இறுதி விளைக்கலாம் என்பதை, 1968இல் சாண்ட்லர் என்னும் அமெரிக்க மருத்துவர் விளக்கி எழுதினார். காதுவலிதானே என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் பொறுத்திருப்பார்களாயின், அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது இளையோர் கடனாகும்.