ராம் ஸ்டிக்கில் ஒரு வெட்டு

ஏற்காட்டில், ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு வீட்டிலோ எஸ்டேட் அலுவலகத்திலோ, பத்துப் பதினைந்து வருடப் பழைய கணினி ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடுகிறது என்பதைவிட நகர்கிறது என்பதே சரி. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "கொஞ்சம் ராம் ஏத்துங்க, சரியாயிடும்."

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் சேலத்துக்கு இறங்கி, கடையில் ஒரு ராம் வாங்கி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்து, கேபினெட்டைத் திறந்து ஸ்லாட்டில் வைத்து அழுத்தினால்... உள்ளே போக மறுக்கிறது. ஸ்லாட்டில் இருக்கும் மேடு ஓரிடத்தில், ராமில் இருக்கும் வெட்டு வேறிடத்தில். இடைவெளி சில மில்லிமீட்டர்தான். அதற்காக மறுபடியும் 30 கிலோமீட்டர் இறங்க வேண்டும்.

அந்த வெட்டு ஏன் அங்கே இருக்கிறது? எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். பழைய எஸ்டிராமுக்கு 3.3 வோல்ட், டிடிஆருக்கு 2.5, டிடிஆர்2-க்கு 1.8, டிடிஆர்3-க்கு 1.5, டிடிஆர்4-க்கு 1.2. ஒன்றை இன்னொன்றின் இடத்தில் சொருகினால் கருகிவிடும், அதைத் தடுக்கத்தான் வெட்டு. சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதி எலெக்ட்ரானிக்ஸ் பாடத்தில் இல்லை, காமர்ஸ் பாடத்தில் இருக்கிறது. எந்த வகை ராம் உலகத்தின் மதர்போர்டுகளில் உட்கார வேண்டும் என்பதை ராயல்டி, பங்கு ஒப்பந்தம், நீதிமன்ற வழக்கு ஆகிய மூன்றும் சேர்ந்தே முடிவு செய்தன.

ஆரம்பத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இன்றைய ராமின் மூலக் கருத்து, அதாவது ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும் சேர்ந்து ஒரு பிட்டைச் சேமிப்பது, ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டுக்கு 1966ல் தோன்றியது. 1968ல் காப்புரிமை கிடைத்தது. 1970ல் இன்டெல் தனது 1103 சிப்பை விற்பனைக்குக் கொண்டு வந்தது. (நினைவக சிப் விற்று வளர்ந்த இன்டெல், ஜப்பான் நிறுவனங்களின் விலைப் போட்டியைத் தாங்க முடியாமல் 1985ல் அந்தத் தொழிலையே விட்டு விலகியது தனிக்கதை.)

அப்போதெல்லாம் நினைவகத்தைக் கூட்ட வேண்டும் என்றால் சிப்புகளை ஒவ்வொன்றாக மதர்போர்டில் சொருக வேண்டும். ஒரு கால் வளைந்தாலும் போச்சு! 1983ல் அமெரிக்காவின் வாங் லேபரட்டரீஸ் நிறுவனம் பல சிப்புகளை ஒரு சின்ன அட்டையில் சேர்த்து சிம் என்ற வடிவத்தைக் கொண்டு வந்தது. (செல்போன் சிம்முக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) 30 பின் சிம் ஒரு நேரத்தில் 8 பிட்தான் தரும், 486 பிராசஸருக்கோ 32 பிட் வேண்டும். ஆகவே நான்கு நான்காக வாங்க வேண்டும். அடுத்து வந்த 72 பின் சிம் 32 பிட் தந்தது. ஆனால் பென்டியம் 64 பிட் கேட்டதால் ஜோடியாக வாங்க வேண்டும். 168 பின் டிம் வந்த பிறகுதான் ஒன்றே ஒன்று வாங்கிப் போட்டாலும் கணினி ஓடும் என்ற நிலை வந்தது.

1998ல் இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட்டையும் பிசி100 என்ற தரத்தையும் கொண்டு வந்தது. யார் தயாரித்த ராமாக இருந்தாலும் பிசி100 என்று போட்டிருந்தால் வாங்கலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. இத்தோடு நின்றிருந்தால் கதை சுபமாக முடிந்திருக்கும்.

நிற்கவில்லை. ரேம்பஸ் என்று ஒரு நிறுவனம், 1990ல் தொடங்கப்பட்டது. அப்போது இது சிப் எதையும் தயாரிக்கவில்லை. வடிவமைப்பை உருவாக்கும், காப்புரிமை வாங்கும், தயாரிப்பவர்களிடம் ராயல்டி வசூலிக்கும். இதன் ஆர்டிராம் என்ற புதுவகை நினைவகத்தை ஆதரிப்பதாக 1996ல் இன்டெல் ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு சுவையான பகுதி உண்டு. இன்டெல் விற்கும் சிப்செட்டுகளில் 20 சதவீதம் ரேம்பஸ் வகையாக மாறினால், ரேம்பஸின் 10 லட்சம் பங்குகளை 10 டாலர் வீதம் வாங்கும் உரிமை இன்டெலுக்குக் கிடைக்கும். கடைக்காரர் உங்களுக்கு ஒரு பொருளைச் சிபாரிசு செய்கிறார், அந்தப் பொருள் விற்றால் அவருக்குக் கம்பெனியில் பங்கு. அவர் சிபாரிசை எவ்வளவு நம்பலாம்?

சந்தை நம்பவில்லை. 1999 நவம்பரில் ரேம்பஸுக்கான 820 சிப்செட் தாமதமாக வந்தது. ஆர்டிராம் விலையோ எஸ்டிராமைப் போலப் பல மடங்கு. சமாதானமாக, 820 போர்டில் எஸ்டிராமையும் போட்டுக்கொள்ள ஒரு இடைச் சிப்பை இன்டெல் சேர்த்தது. அதில் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டு 2000 மே மாதம் அந்த போர்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் வந்த முதல் பென்டியம் 4 கணினிகளும் ஆர்டிராமையே கேட்டன. ஜோடியாகப் போட வேண்டும், காலியாக இருக்கும் ஸ்லாட்டிலும் ஒரு வெற்று அட்டையைச் சொருக வேண்டும். காலி இடத்துக்கும் காசு!

மறுபக்கம் சிப் தயாரிப்பாளர்கள் ஜெடெக் என்ற தர அமைப்பில் ஒன்றுகூடி, 2000 ஜூனில் டிடிஆர் தரத்தை வெளியிட்டார்கள். பெயர் வைத்ததில்கூடப் போட்டி. ஆர்டிராமுக்கு பிசி800 என்று பெயர். டிடிஆர்காரர்கள் மெகாஹெர்ட்ஸ் கணக்கை விட்டுவிட்டு, நொடிக்கு எத்தனை மெகாபைட் என்ற கணக்கை எடுத்துக்கொண்டு பிசி1600, பிசி2100 என்று பெயர் சூட்டினார்கள். பழைய ராம் ஸ்டிக்கர்களில் பிசி133-க்கு அடுத்து எண் திடீரென்று ஆயிரத்தைத் தாண்டுவது இப்படித்தான். வேகம் பத்து மடங்காகிவிட்டது என்று எத்தனை பேர் நினைத்தார்களோ!

ரேம்பஸ் சும்மா இருக்கவில்லை. எஸ்டிராமிலும் டிடிஆரிலும் தன் காப்புரிமைகள் இருக்கின்றன என்று ராயல்டி கேட்டது. தோஷிபாவும் ஹிட்டாச்சியும் 2000ல் பணிந்தன. இன்ஃபினியன் மறுத்தது, வழக்கு நடந்தது. ரேம்பஸும் சில ஆண்டுகள் ஜெடெக் கூட்டங்களில் உறுப்பினராக உட்கார்ந்திருந்துவிட்டு 1996ல் வெளியேறிய நிறுவனம்தான். மற்றவர்கள் பேசியதைக் கேட்டபடி, தன் காப்புரிமை விண்ணப்பங்களைச் சொல்லாமல் மறைத்தது என்பது குற்றச்சாட்டு. 2001ல் ஜூரி அதை மோசடி என்றது, 2003ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வழக்கு எப்படிப் போனாலும், டிடிஆர் சந்தையில் ஜெயித்துவிட்டது. இன்டெலே 2002க்குள் டிடிஆர் பக்கம் வந்து சேர்ந்தது. ஆர்டிராம் போர்டு வாங்கியவர்கள்தான் நடுத்தெருவில் நின்றார்கள். அடுத்த முறை ராம் ஏற்ற நினைத்தபோது பொருளே அரிது.

இந்தச் சண்டை நடந்த அதே ஆண்டுகளில்தான் தமிழ் வாசகருக்கும் ராம் அவசரத் தேவையானது என்பது குறிப்பிடத்தக்கது. யூனிகோடு தமிழ் சிக்கலில்லாமல் தெரிய விண்டோஸ் 2000 அல்லது எக்ஸ்பி வேண்டும். எக்ஸ்பி வெளிவந்தது 2001ல். அது சிபாரிசு செய்த நினைவகம் 128 எம்பி. விண்டோஸ் 98 ஓடிய பல கணினிகளில் இருந்தது 32, 64தான். தமிழ்ப் பக்கம் படிக்க ராம் வாங்க வேண்டியிருந்தது.

வாங்கப் போனவர் கொடுத்த விலை நியாயமான விலையா? இல்லை என்று பின்னால் தெரிந்தது. 1999 ஏப்ரல் முதல் 2002 ஜூன் வரை பெரிய சிப் நிறுவனங்கள் ரகசியமாகப் பேசி வைத்து விலையை நிர்ணயித்ததாக அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது. இன்ஃபினியன் 16 கோடி டாலர், ஹைனிக்ஸ் 18.5 கோடி, சாம்சங் 30 கோடி, எல்பிடா 8.4 கோடி என்று 2004க்கும் 2006க்கும் இடையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டின. முதலில் போய் உண்மையைச் சொன்ன மைக்ரான் அபராதமில்லாமல் தப்பியது. அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் கணினி வாங்கிய சாதாரண மக்களுக்குப் பிரித்துக் கொடுக்க, பின்னாளில் 31 கோடி டாலர் சமரசத் தொகையும் கிடைத்தது.

ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் சேலத்திலும் வாங்கியவருக்கு அதில் ஒரு பைசாகூடக் கிடையாது. இந்தியாவில் அப்போது இருந்தது 1969ம் ஆண்டின் எம்ஆர்டிபி சட்டம். புதிய போட்டிச் சட்டம் 2002ல் நிறைவேறியது. ஆனால் கார்டெல்களைத் தண்டிக்கும் பிரிவுகள் அமலுக்கு வந்தது 2009 மே மாதம் 20ம் தேதிதான்.

சரி, ஏற்காட்டுக் கணினிக்கு வருவோம். வெட்டு பொருந்திவிட்டாலும் வேலை முடிந்துவிடாது, ஏனென்றால் சிப்செட்டுக்கும் ஒரு எல்லை உண்டு. 1997ல் வந்த 430டிஎக்ஸ் சிப்செட் 64 எம்பி வரைதான் கேஷ் செய்யும். அதற்கு மேல் ராம் போட்டால் கணினி வேகம் குறையும்! காசு கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொண்டவர்கள் உண்டு. 440பிஎக்ஸ் போர்டில் 16 சிப் உள்ள 256 எம்பி ராம் முழுதாகத் தெரியும். அதே 256ஐ 8 பெரிய சிப்புகளில் செய்திருந்தால் 128தான் தெரியும். 815 சிப்செட்டில் 512 எம்பிக்கு மேல் எதுவும் ஏறாது. பத்து வருடம் கழித்து ஜி41 போர்டுகளில் மறுபடியும் அதே கதை: 4 ஜிபி டிடிஆர்3 ராமில் 16 சிப் இருந்தால் ஓடும், 8 சிப் இருந்தால் பெரும்பாலும் கணினி எழுந்திருக்கவே எழுந்திருக்காது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 4 ஜிபி டிடிஆர்2 ராம்களில் பல ஏஎம்டி போர்டுகளுக்கு மட்டுமானவை, இன்டெல்லில் ஏறாது. சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ராமும் விலை குறைவு, சாதாரண டெஸ்க்டாப்புக்கு உதவாது. 32 பிட் விண்டோஸாக இருந்தால் 4 ஜிபி போட்டாலும் மூன்றரைக்குள்தான் காட்டும்.

அதனால் மலை இறங்குவதற்கு முன் பழைய ராமைக் கழற்றி, அதன் ஸ்டிக்கரையும் மதர்போர்டின் மாடல் எண்ணையும் எழுதிக்கொள்வது நல்லது. பழைய ராமையே கையோடு எடுத்துப் போவது அதைவிட நல்லது. கணினி ஓடும் நிலையில் இருந்தால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளே எல்லாவற்றையும் சொல்லிவிடும். ராமிலேயே எஸ்பிடி என்ற ஒரு குட்டிச் சிப் இருக்கிறது, தன் ஜாதகம் முழுவதையும் அது வைத்திருக்கும்.

இப்போது ராம் ஏற்றுவது முன்பைவிட முக்கியமாகிவிட்டது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளுக்கு லினக்ஸ் போட்டு ஆயுளை நீட்டிக்கலாம், அதற்கும் ராம் வேண்டும். அதே நேரம் செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்காகப் பெரிய நிறுவனங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போனதால், 2025ல் டிடிஆர்4 உட்பட ராம் விலை ஏறியது. குஜராத்தின் சாணந்தில் 275 கோடி டாலர் செலவில் நினைவக சிப் அசெம்பிளி ஆலை அமைப்பதாக 2023ல் அறிவித்தது மைக்ரான். அதே மைக்ரான்தான் 2025 டிசம்பர் 3 அன்று, சாதாரண மக்களுக்கு ராம் விற்றுவந்த தனது குரூஷியல் வியாபாரத்தை மூடுவதாகவும் அறிவித்தது. எந்தப் பழைய கணினிக்கு எந்த ராம் பொருந்தும் என்று மாடல் வாரியாகத் தேடிச் சொல்லும் வசதியைத் தன் இணையதளத்தில் வைத்திருந்ததும் அந்த குரூஷியல்தான்.