துண்டிக்கும் கணத்தின் வரலாறு

வீட்டில் செய்யப்படும் துடிப்பு மோட்டார்களில் டிரான்சிஸ்டர் பலவேளை பழுதாவது மின்னோட்டத்தைச் செலுத்தும்போதன்று, துண்டிக்கும்போது. இச்சிக்கல் டிரான்சிஸ்டரைவிட ஒரு நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. நீண்ட கம்பியை மின்கலத்திலிருந்து பிரிக்கையில் பொறி எழுவதை 1832இல் ஜோசப் ஹென்றி பதிவுசெய்தார். மின்காந்தச் சுருளின் இணைப்பைத் துண்டித்தபோது உணர்ந்த அதிர்ச்சியை 1834இல் வில்லியம் ஜென்கின் ஃபாரடேயிடம் தெரிவித்தார். தன்மின்தூண்டல் பற்றிய ஃபாரடேயின் ஆய்வுக்கு அதுவே தூண்டுகோல். சுருளின் காந்தப்புலத்தில் தேங்கிய ஆற்றல் வெளியேற வழி தேடியதன் விளைவே பொறியும் அதிர்ச்சியும்.

1853இல் ஃபிசோ அதற்கொரு வழி அமைத்தார்: தூண்டுசுருளின் தொடுமுனைகளுக்குக் குறுக்கே மின்தேக்கியை இணைத்தார். பொறி தணிந்தது, சுருளின் வெளியீடும் உயர்ந்தது. இன்று மோட்டார்ச் சுருளுக்குக் குறுக்கே எதிர்த்திசையில் இணைக்கப்படும் டையோடும் அப்பணியையே வேறு வகையில் செய்கிறது. ஆயினும் டையோடு மின்னோட்டத்தை மெல்லவே தணியவிடும். ஈர்ப்புவகை மோட்டாரில், சுருளைக் கடந்த காந்தம் பின்னிழுக்கப்படும். எனவே அவ்வாற்றலை மின்தேக்கிக்குத் திருப்புவோரும் உளர்.

துண்டிக்கையில் தோன்றும் உயர் மின்னழுத்தத்தை ‘இலவச ஆற்றல்’ என்பது பிழை. அது மின்கலம் முன்பே செலுத்தியதன் ஒரு பகுதி. சுற்றை வடிவமைப்பவர் முதலில் கேட்கவேண்டியது, அப்பகுதி எங்கே செல்லும் என்பதே.